ஒரே வண்டி, அஞ்சு வேலை

அமெரிக்க நகரங்கள்ல தீ அணைக்க வழக்கமா ரெண்டு டீம் போவாங்க. தண்ணி அடிக்கிறது இன்ஜின் கம்பெனி. ஏணி போட்டு, கதவை உடைச்சு ஆளைக் காப்பாத்துறது லேடர் கம்பெனி.

செயின்ட் லூயிஸ் நகரத்துல 1950ல எட்டரை லட்சம் பேர் இருந்தாங்க. 1980ல நாலரை லட்சம்தான். வரி வருமானமும் சுருங்குச்சு. 1980களின் பிற்பகுதியில ரெண்டு டீமையும் ஒண்ணாக்கினாங்க. பம்ப், தண்ணி டேங்க், ஹோஸ், பெரிய ஏணி, கை ஏணிகள்னு அஞ்சும் ஒரே வண்டியில. பேரு 'குவின்ட்'.

சர்வர் ஒண்ணுல ரெண்டு சர்வீஸை ஓட்டுற மாதிரிதான். ஆனா இறங்குறது நாலு பேர்னா, அவங்க ஹோஸைப் பிடிச்ச நிமிஷம் ஏணியைத் தொட ஆள் இல்ல. அதனால வந்து சேர்ற வரிசைப்படி வேலையைப் பிரிச்சாங்க. அப்போ மாடி ஜன்னல்ல நிக்கிறவருக்கு, அடுத்த வண்டி எப்போ வரும்ங்கிறதுதான் உயிர்.