வெல்டர் பயிற்சி: சான்றிதழுக்கும் வேலைக்கும் இடையில் உள்ள சட்ட உரிமை

எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் தமிழ்நாட்டின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரக்கூடிய பிரிவுகளுள் ஒன்று, வெல்டர் எனப்படும் பற்றவைப்பாளர் பயிற்சி. இதன் காலம் ஓராண்டு. சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடங்கள் உண்டு. அருந்ததியருக்கான 3 விழுக்காடு அதனுள் அடங்கும். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. பயிற்சி முடித்து அகில இந்தியத் தொழில் தேர்வில் வென்றவர் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகிறார்.

தொழிற்கல்வி குறித்த அக்கறை தலித் அரசியலுக்குப் புதியதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது, போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அவரது துறையின் பொறுப்பில் இருந்தது. விடுதலைக்குப் பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய ஐ.டி.ஐ. பயிற்சிகள் அத்திட்டத்தின்கீழ் நடப்பவையே.

சான்றிதழ் மட்டும் போதாமை

பற்றவைத்த இணைப்பின் தரத்தை ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். செய்தவரின் சாதி அதில் தெரியாது. ஆனால் அந்தச் சோதனை வரை வந்து சேர்வதற்கு நீண்ட கைப்பழக்கம் தேவை. கொதிகலன், எண்ணெய்க் குழாய் போன்ற நல்ல ஊதியமுள்ள பணிகளில் நிறுவனங்கள் தொழிற்சான்றிதழோடு நிறைவடைவதில்லை. தனித் தகுதித் தேர்வும் வைக்கின்றன. அவற்றுள் கடினமானது 6ஜி. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாது நிறுத்தி, அதைச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். பன்னாட்டளவில் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பின்படி, ஒரு பற்றவைப்பு முறையில் 6 மாதம் வேலை செய்யாதிருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். வேலையற்றிருக்கும் இளைஞர் வருமானத்தோடு தகுதியையும் இழக்கிறார் என்பதே இதன் பொருள்.

பட்டறை வைத்திருக்கும் உறவினரோ, தனியார் பயிற்சிக்குக் கட்டப் பணமோ உள்ளவர் இந்த இடைவெளியைக் கடந்துவிடுகிறார். இரண்டும் இல்லாத முதல் தலைமுறை மாணவர் எங்கே கைப்பழக்கம் பெறுவது?

தனியார் துறைக்கும் பொருந்தும் இடஒதுக்கீடு

இதற்கான விடை 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் இருக்கிறது. 1973-இல் சேர்க்கப்பட்ட அதன் 3அ பிரிவு, குறிப்பிட்ட தொழில்கள் ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலையளிப்பவர் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் அவர்களது மக்கள்தொகையைக் கருத்திற்கொண்டு எண்ணிக்கை வகுக்கப்படுகிறது. வெல்டர் தொழிலும் அக்குறிப்பிட்ட தொழில்களுள் ஒன்று.

‘வேலையளிப்பவர்’ என்ற சொல் தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கும். 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்பது 2019-இல் திருத்தப்பட்ட விதி. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் எனக் கோரும் இயக்கங்கள், பயிற்சி அளவிலேனும் ஏற்கெனவே சட்டமாக இருக்கும் இந்தப் பிரிவைக் கையிலெடுக்க வேண்டும்.

சட்டத்திற்கு எல்லையும் உண்டு. பழகுநருக்கு நிரந்தர வேலை தரும் கடமையை அது நிறுவனத்தின்மேல் சுமத்தவில்லை; பணியமர்த்தும் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்கிறது. ஆயினும் சம்பளப் பட்டியல் உள்ள ஓர் ஆலையில், மேற்பார்வையின்கீழ் பெறும் பழக்கமே தகுதித் தேர்வுக்கு ஒருவரை ஆயத்தப்படுத்துகிறது.

உடல்நலமும் உரிமையே

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் பற்றவைப்புப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதற்பிரிவுக் காரணிகளில் சேர்த்தது. ஆகவே புகையை இழுத்து வெளியேற்றும் வசதி, முகக்கவசம், கையுறை ஆகியவை சலுகைகள் அல்ல. தொழிற்சாலையில் பயிலும் பழகுநர்களுக்கும் தொழிலாளர்க்குரிய உடல்நல, பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்றும், விபத்து நேர்ந்தால் வேலையளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, பொதுத்துறை ஆலைகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தொழில்வாரியாகப் பட்டியல் சாதிப் பழகுநர்களின் எண்ணிக்கையைக் கேட்கலாம். தனியார் ஆலைகள் குறித்து மாநிலத் தொழில் பழகுநர் ஆலோசகரிடம் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்விக்கே உரியது. எட்டாம் வகுப்போடு வெல்டர் பிரிவில் சேர்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். இந்த இடைவெளியை நிரப்புமாறு அரசைக் கோர வேண்டும். மூன்றாவது, சொந்தப் பட்டறை தொடங்க விரும்புவோர் தாட்கோ வழியே முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 விழுக்காடு, உச்ச அளவாக 3.5 லட்சம் ரூபாய் மானியம் பெற விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கையில் 18 விழுக்காடு நிரம்பியதா என்பதை மட்டும் கண்காணிக்கும் வழக்கம் இனி போதாது. அவர்களில் எத்தனை பேர் ஆலைக்குள் பழகுநராக நுழைந்தனர் என்பதையும் எண்ண வேண்டும்.