களையாக இருந்த புல் ஆடுகளம் ஏறிய கதை

பிள்ளையாருக்கு நாம் சூட்டும் அருகம்புல்லை அறியாதார் இல்லை. அதே இனத்தை மேலைநாட்டினர் 'பெர்முடா புல்' என்கின்றனர். வெப்ப நாடுகளின் கால்பந்து, கோல்ஃப் திடல்கள் பலவற்றில் விரிந்து கிடப்பது இதுவோ, இதன் கலப்பினமோ ஆகும்.

வறட்சியை இப்புல் எவ்வாறு தாங்குகிறது? தரைமேல் ஓடுதண்டும், மண்ணுக்குள் தரைக்கீழ்த் தண்டும் இதற்கு உண்டு. நீர் வற்றினால் இலைகள் காய்ந்து பழுப்பாகும். மண்ணுக்குள் உள்ள தண்டோ உயிருடன் காத்திருந்து, மழை பெய்ததும் துளிர்க்கும். மேலும், கரும்பு, சோளம் போல இதுவும் 'சி-4' வகைத் தாவரம். கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்துவதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே உணவு தயாரிக்கும். எனவே ஆவியாகி வீணாகும் நீர் குறைகிறது.

இத்தனை இருந்தும் அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தி விவசாயிகளுக்கு இது ஒழிக்க முடியாத களையாகவே இருந்தது. 1936இல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்திற்கு வந்த கிளென் பர்ட்டன் என்ற இளம் விஞ்ஞானி, அந்தக் களையையே ஆராயத் தொடங்கினார். பருத்தி வயலில் கிடைத்த ஒரு வகையைத் தென்னாப்பிரிக்க வகையுடன் கலந்து, 1943இல் 'கோஸ்டல்' என்ற தீவனப்புல்லை வெளியிட்டார்.

அடுத்து விளையாட்டுத் திடல்கள். அக்காலத்தில் தென்மாநிலக் கோல்ஃப் திடல்கள் பலவற்றில் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலே இருந்தது. சாதாரண அருகு முரடானது. ஆப்பிரிக்காவின் சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸ் என்ற இனமோ மென்மையானது. இவ்விரண்டின் கலப்பில் 1956இல் 'டிஃப்கிரீன்' வந்தது. 1954இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விதைகளிடையே தற்செயலாகக் கிடைத்த கலப்பினம், 1960இல் 'டிஃப்வே' என்ற பெயரில் வெளியாகி, விளையாட்டரங்குகளில் பரவியது.

இக்கலப்பினங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அருகுக்கு 36 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க இனத்திற்கு 18. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதியை அளிப்பதால் குழந்தைக்கு 27. ஒற்றைப்படையான இவை சரியாக இணைசேர முடியாது. ஆகவே விதை பிடிப்பதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். உலகெங்கும் உள்ள டிஃப்வே திடல்கள் யாவும் ஒரே செடியின் துண்டுகள் எனலாம்!

ஒரே சீரான திடல் ஆட்டத்திற்கு நன்று. ஆனால் ஒரு நோய் ஒரு செடியை வென்றால், எல்லாவற்றையும் வெல்லக்கூடும். இந்த அபாயம் கற்பனையன்று. பர்ட்டன் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டுக் கம்பைத் தாயாகக் கொண்டு, 1965இல் இந்தியாவில் எச்.பி.-1 என்ற வீரியக் கம்பு வெளியாயிற்று. விளைச்சல் பெருகியது. ஆனால் 1970களின் தொடக்கத்தில், ஒரே தாய்வழி வந்த கம்பு வயல்களை அடிச்சாம்பல் நோய் பெருமளவில் அழித்தது.

எனவே, புல்வெளி அமைப்போர் நீர்ச் சிக்கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. அருகு வெயிலை விரும்பும். மர நிழலில் மெலிந்து போகும். வறட்சி தாங்கும் புல்லுக்கும், மிதிபட்ட பின் மீண்டும் வளர நீர் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வயலோரத்தில் நாம் பொருட்படுத்தாத அருகு வகைகளையும் காத்து வைக்க வேண்டும். நாளைய நோயை வெல்லும் பண்பு அவற்றுள் ஒன்றில் இருக்கக்கூடும். பர்ட்டனின் முதல் வெற்றியும் ஒரு களையிலிருந்துதானே தொடங்கியது!