‘செத்த காலேஜ்’: சென்னை அருங்காட்சியகமும் மக்கள் கல்வியும்

முன்னுரை

எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைச் சென்னையின் பழைய தலைமுறையினர் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். விலங்குக் காட்சிச்சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்யப்பட்ட விலங்குகள் ஓரிடத்தில், உயிருள்ளவை மற்றோரிடத்தில் என்ற வேறுபாட்டை இப்பெயர்கள் சொல்கின்றன. இரண்டிலும் மாறாமல் நிற்பது ‘காலேஜ்’ என்ற சொல். கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத மக்களின் வாயில் புழங்கிய பெயர்கள் இவை. அந்தச் சொல்லுக்கு அருங்காட்சியகம் எவ்வாறு தகுதி பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம்: வேடிக்கையும் கல்வியும்

1851-இல் நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அருங்காட்சியகம் தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் சேகரிப்பு. பொறுப்பேற்றவர் மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர். கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததும் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு காரணமாகலாம். 1854-இல் அது எழும்பூருக்கு இடம் மாறியது.

கற்களையும் கனிமங்களையும் காண எளிய மக்கள் திரண்டு வரமாட்டார்கள். உயிருள்ள விலங்குகள் அவர்களை ஈர்க்கும் என்று உணர்ந்த பால்ஃபர், 1855-இல் அதே வளாகத்தில் விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். அது 1863-இல் மக்கள் பூங்காவுக்கும் 1985-இல் வண்டலூருக்கும் சென்றது. வேடிக்கை பார்க்கும் ஆவலைக் கல்விக்கு எதிரியாகக் கருதாமல் அதன் நுழைவாயிலாகக் கொண்டதே பால்ஃபரின் பெரிய பங்களிப்பு. 1896-இல் அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகமும் திறக்கப்பட்டது. பொருளும் நூலும் அடுத்தடுத்த கட்டடங்களில் மக்களுக்குக் கிடைத்தன.

அளக்கப்பட்ட மனிதர்கள்

1885-இல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில் சேகரிப்புகள் பெருகின. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் தொல்பொருள் தொகுப்பு 1904-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதே காலத்தில்தான் தென்னிந்திய மக்களின் தலையும் மூக்கும் கருவிகளால் அளக்கப்பட்டன. தர்ஸ்டன் தம் உதவியாளர் க. ரங்காச்சாரியுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதி, பழங்குடி விவரத் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. ஆனால் மனிதரைச் சாதி வாரியாக அளந்து வகைப்படுத்திய அந்த முறை அறிவியலாகாது. அறிவைப் பகிர வேண்டிய நிறுவனம், மக்களையே காட்சிப்பொருளாகப் பார்த்த காலம் அது.

இப்பார்வை அருங்காட்சியகத்துக்குள்ளிருந்தே மாறத் தொடங்கியது. 1940-இல் கண்காணிப்பாளரான மானிடவியலாளர் அ. அய்யப்பன், தாம் பிறந்த ஈழவர் சமூகத்தின் பண்பாட்டு மாற்றத்தை ஆராய்ந்தார். அந்த ஆய்வை அருங்காட்சியகமே 1944-இல் நூலாக வெளியிட்டது. ஆராயப்பட்ட சமூகத்திலிருந்து ஆராய்பவர் ஒருவர் எழுந்து, அதே நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார் என்பது இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

மண்ணுக்கடியிலிருந்து பொதுவுடைமைக்கு

தமிழகத்தில் உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் செப்புத் திருமேனிகள் கிடைப்பதுண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் கைக்கோ உருக்கு உலைக்கோ போகவிருந்த படிமங்கள் பல, அருங்காட்சியகம் வந்து சேர இச்சட்டம் வழிசெய்தது.

வந்தவற்றைக் காப்பது அடுத்த சிக்கல். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பில் பச்சைக் களிம்பு படர்ந்து உலோகத்தை அரித்துவிடும். இதற்காக 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. வேதியியலாளர் சு. பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் படிமங்களை மீட்டார். திருவாலங்காட்டு நடராசர் போன்ற படிமங்களை மாணவர் நெருங்கி நின்று காண முடிவதற்குப் பின்னால் இந்தச் சட்டமும் ஆய்வகமும் இருக்கின்றன. கருவறையில் அலங்காரத்துக்குள் மறையும் வார்ப்பின் நுட்பத்தை இங்கே யாரும் கண்ணாரக் காணலாம்.

முடிவுரை

2023 மார்ச் 5-இல், அகழாய்வு நடந்த கீழடி ஊரிலேயே அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பானை ஓடுகள் கிடைத்த மண்ணிலேயே அவை காட்சிக்கு நிற்பதால், அவ்வூர்ப் பிள்ளைகள் வரலாற்றைத் தேடித் தலைநகருக்கு வர வேண்டியதில்லை. சென்னையில் 1851-இல் ஆட்சியாளரின் சேகரிப்பாகத் தொடங்கிய முயற்சி, ஊரின் உடைமை என்ற எண்ணம் வரை வந்திருக்கிறது.

அருங்காட்சியகத்தின் மதிப்பைப் பொருள்களின் விலையாலோ எண்ணிக்கையாலோ அளப்பது போதாது. அதற்குள் வருபவர் வேடிக்கை பார்ப்பவரா, அளக்கப்படுபவரா, உரியவரா என்பதே சரியான அளவுகோல். நுழைவுத் தேர்வும் பட்டமும் இல்லாத அந்த இடத்துக்குக் ‘காலேஜ்’ என்று பெயர் வைத்தபோதே மக்கள் தங்கள் உரிமையைச் சொல்லிவிட்டார்கள். நிறுவனம் அதை உணர்ந்துகொள்ளத்தான் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.