மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும்: ஒரு சுகாதார மையத்தின் வரலாறு

1/
1960களின் கடைசி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பாயூ என்கிற சின்ன ஊர். அங்கிருந்த சுகாதார மையத்து டாக்டர்கள் சத்துக்குறைவான குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் எழுதினது பால், இறைச்சி, காய்கறி, பழம். சீட்டை மளிகைக் கடையில கொடுத்தா சாமான் கிடைக்கும். பில் மையத்தோட மருந்துக் கணக்குக்குப் போகும்.

இந்த யோசனையோட வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கு.

2/
1940. நடால் மாகாணத்தில் போலேலா. ஜூலு மக்களுக்குன்னு அரசு ஒதுக்கின, மண் அரிச்சுப்போன பகுதி. ஆம்பளைங்க சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் பிழைக்கப் போயிடுவாங்க. சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு அரசு சுகாதார மையத்தை ஆரம்பிச்சாங்க. கூட நின்னவங்க எட்வர்ட் ஜாலி, நர்ஸ் அமீலியா ஜாலி.

3/
நோயாளி வரட்டும்னு இவங்க உட்கார்ந்திருக்கல. வீடு வீடா போய்க் கணக்கெடுத்தாங்க. வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுறாங்க, எத்தனை குழந்தை இறந்தது, தண்ணி எங்கிருந்து வருது?

சிகிச்சை, பிரசவம், காய்கறித் தோட்டம், கழிப்பறை, ஊற்றுத் தண்ணியைப் பாதுகாக்கிறது எல்லாத்துக்கும் ஒரே குழுதான் பொறுப்பு. இதுக்கு ஒரு துறை, அதுக்கு இன்னொரு துறைன்னு அலையவிடல.

4/
பலன்? மையம் பொறுப்பெடுத்த பகுதியில் 1940களின் தொடக்கத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 275 குழந்தைகள் ஒரு வயசுக்குள்ள இறந்தாங்க. 1950 வாக்கில் அது 100-க்குப் பக்கத்தில் வந்தது. 100-ம் கொடுமையான எண்தான். ஆனா பத்து வருஷத்துக்குள்ள இந்த இறக்கம் சாதாரணமில்ல.

5/
இதைப் பார்த்துத்தான் 1944-ல் க்ளக்மன் ஆணையம் நாடு முழுக்க சுமார் 400 சுகாதார மையங்களைப் பரிந்துரை பண்ணுச்சு. வந்தது அதுல பத்துல ஒரு பங்கு. 1948-ல் நிறவெறி அரசு ஆட்சிக்கு வந்தது. கறுப்பின மக்கள் ஏழையா இருக்கிறதே நோய்க்குக் காரணம்னு சொல்ற மருத்துவத்தை அது எப்படித் தாங்கும்? ஆதரவு வற்றிப்போச்சு. 1958-ல் கார்க் தம்பதி நாட்டை விட்டே போனாங்க.

6/
அதுக்கு முந்தின வருஷம், 1957-ல், அங்கே சில மாசம் பயிற்சிக்கு வந்தவர் ஜாக் கெய்கர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர். 1964-ல் குடியுரிமைப் போராட்டத்துக்கு உதவ மிசிசிப்பி போனவர், போலேலாவில் பார்த்ததையே தன் நாட்டுலயும் பார்த்தார். அதே பட்டினி, அதே அழுக்குத் தண்ணி, அதே நிறப் பாகுபாடு.

7/
1965-ல் ஜான்சன் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டப் பணத்தில் ரெண்டு மையங்களுக்கு அனுமதி கிடைச்சது. ஒண்ணு பாஸ்டனில், இன்னொண்ணு மவுண்ட் பாயூவில். மவுண்ட் பாயூ, அடிமைத்தளையிலிருந்து மீண்டவங்க 1887-ல் தாங்களே உருவாக்கின ஊர்.

சுத்துவட்டாரத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்கள் நிறைய. பருத்தி எடுக்க மெஷின் வந்ததும் அவங்களுக்கு வேலையும் போச்சு, கூலியும் போச்சு.

8/
அதுவரைக்கும் அங்க மருத்துவமே இல்லைன்னு நினைச்சிடாதீங்க. 1942-லேயே கறுப்பின மக்களின் ஒரு சகோதர சங்கம், உறுப்பினர் சந்தாவில் டபோரியன் ஆஸ்பத்திரியைக் கட்டியிருந்தது. பெரிய சாதனை. ஆனா சந்தா கட்டவே வழியில்லாதவங்க?

9/
ஜான் ஹேட்ச் என்ற சமூக அமைப்பாளர் ஊர் ஊரா கூட்டம் போட்டார். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா, மக்கள் சொன்னது சாப்பாடு, வேலை, வீடு. நோய் அதுக்கப்புறம்தான் வந்தது. அந்தக் கூட்டங்களிலிருந்துதான் உள்ளூர் சுகாதாரச் சங்கங்களும் வந்தது, உணவுச் சீட்டும் வந்தது.

மருந்துப் பணத்தில் மளிகையான்னு அரசுத் தரப்பு ஆட்சேபிச்சப்போ, சத்துக்குறைவுக்குப் பாடப்புத்தகம் சொல்ற சிகிச்சை உணவுதானேன்னு கேட்டார் கெய்கர்.

10/
வயிற்றுப்போக்கோட வந்த குழந்தையைக் குணப்படுத்தி, திரும்ப அதே கிணத்துத் தண்ணிக்கே அனுப்பினா என்ன பிரயோஜனம்? அதனால கிணறு தோண்டினாங்க, கழிப்பறை கட்டினாங்க. சுமார் 1,000 குடும்பங்கள் சேர்ந்து விவசாயக் கூட்டுறவு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. காலமெல்லாம் அடுத்தவனுக்குப் பருத்தி விளைவிச்சவங்க, தங்களுக்குக் காய்கறி விளைவிச்சாங்க.

11/
அப்புறம்? 1970களில் நிக்சன் காலத்தில் வறுமை ஒழிப்பு அலுவலகத்தைக் கலைச்சாங்க. மையங்கள் சுகாதாரத் துறைக்குப் போச்சு. கிளினிக் பிழைச்சது. தோட்டம், கிணறு, உணவுச் சீட்டு எல்லாம் 'மருத்துவம் இல்ல'ன்னு ஓரங்கட்டப்பட்டது.

மவுண்ட் பாயூ மையம் இன்னும் நடக்குது. இந்த மாதிரி மையங்களில் இன்னைக்கு 3 கோடிக்கும் மேலான அமெரிக்கர்கள் சிகிச்சை பெறுறாங்க. பெரிய வெற்றிதான், ஆனா பாதி வெற்றி.

12/
எந்த நாட்டுலயும் 'சேவைகளை ஒருங்கிணைக்கிறோம்'னு அரசு அறிவிக்கும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஒரே கட்டடம், ஒரே சாஃப்ட்வேர், ஒரே பலகை எல்லாம் சரி. பசியோட வர்ற குழந்தைக்கு டாக்டர் பால்னு எழுதினா, அந்தப் பில்லை எந்தக் கணக்கு கட்டும்?

பதில் இல்லைன்னா, பலகை மட்டும்தான் மாறியிருக்கு.

(ஜாக் கெய்கர் 2020 டிசம்பரில், 95 வயதில் காலமானார்.)