காட்சியும் சாட்சியும்

சென்ற தை மாதம் என் பேரன் நண்பர்களுடன் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குச் சென்று திரும்பினான். கைப்பேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். அடிவாரத்துத் தாமரைக் குளம், ஆலமர நிழல், பாறை விளிம்பில் நண்பர்கள், மறையும் கதிரவன் என யாவும் கண்ணுக்கு இனியவை. “பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகள் எங்கே?” என்று கேட்டேன். ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். தோள்களுக்குப் பின்னால் முக்குடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. “அதன் கீழே எழுத்துகள் இருந்தனவே?” என்றேன். “கவனிக்கவில்லை, தாத்தா” என்றான்.

அவன் கவனிக்காமல் விட்ட எழுத்துகள் யாவை? அச்சணந்தி என்னும் புகழ்பெற்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்னும் செய்தி அங்கே வட்டெழுத்தில் உள்ளது. துறவு பூண்ட மகனின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒரு தாயின் குரல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாறையில் நிற்கிறது. மலையின் எழிலைப் படம் பிடித்தவன் அந்தத் தாயைக் காணாமல் வந்துவிட்டான். இவ்வாறு காணாமல் வருவோர் நம் இல்லங்களில் பலர் உளர்.

நம் முன்னோர் தங்கிய குன்றுகள் இயல்பாகவே அழகிய இடங்களில் அமைந்தவை. துறவியர் நாடியது தனிமையையும் சுனைநீரையும் குளிர்ந்த நிழலையும்தான். உணவளிக்கும் ஊர் நடந்து செல்லும் தொலைவில் இருந்தால் போதும். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டினர். தரையைச் செதுக்கிப் படுக்கைகள் அமைத்தனர். அவர்கள் தனிமைக்காகத் தேர்ந்த இடங்களே இன்று சுற்றுலாக் காட்சிகளாக விளங்குகின்றன.

நம்மவர் பலர் வாழும் செஞ்சிப் பகுதியிலேயே திருநாதர்குன்று உள்ளது. ஒரே பாறையில் இரண்டு வரிசைகளாக 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. செஞ்சிக் கோட்டை மலைகளைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்போர் அங்கே மிகுதி. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் கல்வெட்டும் அதே குன்றில்தான் உள்ளது. தமிழ் எழுத்து வட்டெழுத்தாக வடிவம் மாறிவந்த காலத்தைக் காட்டுவதால் எழுத்தியல் அறிஞரும் அதனைப் போற்றுகின்றனர். நம் சல்லேகனை மரபுக்குத் தமிழ் மண் தந்த பழஞ்சான்று அது.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், குன்றின் மறுபக்கச் சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் குகை உள்ளது. அங்கே தலையணை போன்ற மேட்டுடன் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பார் அவ்விருப்பிடத்தைச் செய்தளித்தார் என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்து கூறுகிறது. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். அயல்நாட்டுத் துறவிக்குத் தமிழ் மண் இடம் கொடுத்த வரலாறு அச்சிறு வரியில் அடங்கியுள்ளது. அக்குன்றின் அறிவர் கோயிலில் தாமரைப் பொய்கை ஓவியத்தைக் காண வருவோருள் பலர் ஏழடிப்பட்டம் வரை செல்வதில்லை.

இனி என் பிழையையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை ஒரு குன்றுக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த கல்வெட்டு மங்கலாகத் தெரிந்தமையால், எழுத்துகளின் மேல் சுண்ணக்கட்டியால் தேய்க்கச் சொன்னேன். படம் தெளிவாக வந்தது. பின்னர் ஒரு நாள் அப்படத்தை உற்று நோக்கியபோதுதான் உண்மை புலப்பட்டது. அதில் இருந்தது கல்லின் எழுத்தன்று. கல்லில் இருந்ததாக நாங்கள் எண்ணிய எழுத்து. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே சென்றேன். எவரோ இருவரின் பெயர்கள் அக்கல்வெட்டின் மேல் கொத்தப்பட்டு, மூன்று எழுத்துகள் சிதைந்திருந்தன. அவ்வெழுத்துகளின் உண்மை வடிவத்தை என் படமும் காட்டாது. கல்லும் இனிக் காட்டாது. நல்ல சாட்சியாக இருந்திருக்க வேண்டிய ஒரு படத்தை நானே கெடுத்துவிட்டேன்.

ஆதலால் மலையேறும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். உச்சி வெயிலில் கல்லெழுத்து தெரியாது. காலையிலும் மாலையிலும் விழும் சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். ஒளி போதாத குகையில் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் போதும். ஓவியங்கள் மீது மட்டும் அவ்வொளியும் வேண்டா. சுண்ணம், எண்ணெய், நீர் எதனையும் கல்லில் தடவாதீர். முதலில் குன்று முழுவதும் தெரிய ஒரு படம், அடுத்துத் திருமேனி, அதன்பின் எழுத்து என வரிசையாக எடுங்கள். எழுத்தின் அருகே ஓர் அளவுகோலைப் பிடித்தால் அதன் அளவு விளங்கும். எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டறியுங்கள்.

இம்முயற்சி எதற்கு என்று எண்ணுவோருக்கு அரிட்டாபட்டி விடை கூறும். தமிழி எழுத்தும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ள அம்மலைப்பகுதி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அடங்கியது தெரியவந்தபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. நிலத்தையும் சுனைகளையும் காக்க எழுந்த அக்குரலுக்குப் பாறையிலிருந்த பழைய எழுத்துகளும் துணை நின்றன. மலையில் என்ன இருக்கிறது என்று ஊரார் அறிந்திருந்ததால் அதனைச் சொல்ல முடிந்தது. அறியாதவர் எதைச் சொல்லிக் காப்பர்?

என் பேரன் வரும் மாசியில் மீண்டும் சமணர்மலை செல்கிறான். இம்முறை என்னையும் அழைத்திருக்கிறான். பேச்சிப்பள்ளம் வரை என் முழங்கால் ஒத்துழைக்குமா என்பது ஐயமே. அவன் ஏறிச் சென்று குணமதியாரின் எழுத்தைப் படம் எடுத்து வரட்டும். ஆலமரத்தடியில் அமர்ந்து நான் அதனைப் படித்துச் சொல்கிறேன்.