டீசலா, பெட்ரோலா?

ஆம்பூர்ல ஷூ அப்பர் ஏத்துற சின்ன கான்ட்ராக்டர் ஒருத்தர் புதுசா டாடா ஏஸ், அதாங்க நம்ம குட்டி யானை, எடுக்கணும்னா இப்ப முதல் கேள்வி: டீசலா, பெட்ரோலா? 2005-ல ஏஸ் வந்தப்போ இந்தக் கேள்வியே இல்ல. ரெண்டு சிலிண்டர் டீசல் மட்டும்தான்.

கொஞ்சம் பின்னால போவோம். சுதந்திரத்துக்கு முன்னாடி இங்க ஓடினதுல ஃபோர்டு, செவர்லே பெட்ரோல் லாரிகள் நிறைய. 1954-ல டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல டீசல் லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1969-ல ஒப்பந்தம் முடிஞ்சது, டீசல் நின்னுடுச்சு.

காரணம் ரெண்டு. ஒண்ணு, காற்றை அழுத்தி வர்ற சூட்டிலேயே டீசல் எரியுது. மைலேஜும் இழுவையும் அதிகம். உப்புத்தோல் பாரத்துக்கு அது வேணும். இன்னொண்ணு, விவசாயத்தையும் லாரி, பஸ்ஸையும் மனசுல வெச்சு அரசாங்கம் டீசல் விலையைக் குறைச்சே வெச்சிருந்தது.

பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூன்ல போச்சு. டீசலுக்கு 2014 அக்டோபர்ல. நடுவுல அந்த நாலு வருஷம் கார் வாங்கினவங்க கூட டீசல் பின்னாடி ஓடினாங்க :-) அப்புறம் விலை வித்தியாசம் சுருங்கிடுச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்து, புகையைச் சுத்தம் பண்ற கருவிகளால டீசல் வண்டி விலை ஏறிச்சு. அதே வருஷம் ஏஸ் பெட்ரோல்லயும் வந்துச்சு.

ஆக, டீசலுக்குக் கூடக் கொடுக்கிற காசு கிலோமீட்டர்லதான் திரும்பணும். வாணியம்பாடிக்கு ரெண்டு ட்ரிப் அடிக்கிறவருக்குப் பெட்ரோல் போதும். தினமும் பாரத்தோட ராணிப்பேட்டை, சென்னைன்னு போறவருக்கு டீசல் பிக்கப். மாத்தி எடுத்தா லாபம் முழுக்க தவணைக்கே போயிடும்.