குழந்தைகள், பதின்வயதினரிடையே தைராய்டு புற்றுநோய்: வீதப் போக்குகள்

முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் சிறுவர்களுக்கு அரிதாகவே வரும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலர் என்பதே பெரும்பாலான நாடுகளின் கணக்கு. பத்து வயதுக்குள் மிகக் குறைவு. பருவமடைந்தபின் கூடும், அதிலும் பெண்பிள்ளைகளிடம் பல மடங்கு. பெரும்பாலானவை பாப்பில்லரி வகையைச் சேர்ந்தவை. நோயைக் கண்டறியும்போதே கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பது பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம். ஆனாலும் அறுவை சிகிச்சைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது; உயிரிழப்பு மிக அபூர்வம்.

கதிர்வீச்சுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அணுவுலை விபத்துகளுக்கு முன்பே தெரிந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் தைமஸ் வீக்கம், டான்சில் போன்ற சாதாரணத் தொல்லைகளுக்குக்கூடக் குழந்தைகளின் கழுத்தில் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். தைராய்டு புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோது இச்சிகிச்சை பெற்றவர்கள் என்று 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த வழக்கம் படிப்படியாக மறைந்தது.

போக்கை ஒரே வீச்சில் மாற்றியது செர்னோபில் அணுவுலை விபத்து. 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த உலையிலிருந்து அயோடின்-131 காற்றில் கலந்து பெலாரஸ், உக்ரைன், ரஷ்ய எல்லைப் பகுதிகளின் புல்வெளிகளில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டே நாள். பாலைச் சில வாரம் நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி ஆபத்து விலகியிருக்கும். நிறுத்தும்படி கிராமங்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. பெரியவரின் தைராய்டு ஏறக்குறைய 20 கிராம் என்றால் ஒரு வயதுக் குழந்தைக்கு 2 கிராம்கூட இருக்காது. ஒரே அளவு அயோடின் அச்சிறு சுரப்பிக்குள் எத்தனை மடங்கு கதிர்வீச்சைத் தரும் என்று ஊகிக்கலாம். அப்பகுதி மண்ணிலும் உணவிலும் இயற்கை அயோடின் குறைவாக இருந்ததால், சுரப்பி கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. பக்கத்து நாடான போலந்தோ, சுரப்பி கதிரியக்க அயோடினை உறிஞ்சாதிருக்கச் சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் பொட்டாசியம் அயோடைடு கொடுத்தது.

பெலாரசில் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்த சிறுவர் நோயாளிகள் எண்ணிக்கை 1990இல் 29, 1991இல் 55 என உயர்ந்தது. பெரும்பகுதியினர் கோமெல் வட்டாரத்துப் பிள்ளைகள். மின்ஸ்க் மருத்துவர்கள் கசக்கோவ், டெமித்சிக், அஸ்தகோவா ஆகியோர் 1992 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் இதைத் தெரிவித்தபோது வெளிநாட்டு நிபுணர்கள் பலர் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் புற்றுநோய் வராது, தேடிப் பார்ப்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது என்றார்கள். ஆனால் கட்டிகள் பெரியவை, பரவியவை. விபத்தின்போது மிகச் சிறியவர்களாக இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். விபத்துக்குப் பின் கருவுற்றுப் பிறந்த குழந்தைகளிடம் இந்த உயர்வு இல்லை. சில ஆண்டுகளிலேயே ஐயம் அடங்கியது. ஏற்றம் 1990களின் நடுவில் உச்சம் தொட்டு, வயது கூடக் கூடப் பதின்வயதினருக்கும் பிறகு இளைஞர்களுக்கும் நகர்ந்தது. விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை ஏறத்தாழ 19,000 பேருக்கு இந்நோய் பதிவானது. சுமார் நான்கில் ஒரு பங்குக்குக் கதிர்வீச்சே காரணம் என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் மதிப்பீடு. கழுத்தின் குறுக்கே தையல் தழும்போடு வளர்ந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகையில் அங்கே அத்தழும்பை 'செர்னோபில் மாலை' என்பார்கள்.

அணு விபத்து எதுவும் நடக்காத நாடுகளிலும் வீதம் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் பத்து லட்சத்துக்கு 5-க்குச் சற்றுக் குறைவாக இருந்தது, 2013இல் 9-ஐ நெருங்கியது. பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கையில், பெரியவர்களிடம் எங்கெல்லாம் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறதோ அங்கே சிறுவர்களிடமும் அதிகம். இறப்பு மட்டும் எங்கும் ஏறவில்லை. கழுத்து ஸ்கேன் பரவலானதே இதற்குப் பெருமளவு காரணம் எனக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் பெரிய கட்டிகளும் கூடியிருப்பதால், அது மட்டுமே முழு விடை ஆகாது.

செர்னோபிலில் பொய்த்துப்போன 'தேடினால் கிடைக்கும்' என்ற வாதம் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் பலித்தது. அங்கு 2011 மார்ச்சில் நடந்த அணுவுலை விபத்துக்குப்பின், 18 வயதுக்குட்பட்டோரை அந்த அக்டோபரில் இருந்து அழைத்துக் கழுத்தில் களிம்பு தடவி அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தார்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டும் கட்டி மேல்சோதனைக்குப் போனது. சுமார் மூன்று லட்சம் பேரில் நூற்றுக்கு மேற்பட்டோருக்குப் புற்றுநோய் உறுதியானது அல்லது ஐயுறப்பட்டது. ஊரே பதறியது. ஆனால் முதல் சுற்றில் நோய் தென்பட்டவர்கள் பெரும்பாலும் மூத்த பிள்ளைகள்; மிகச் சிறியவர்களிடம் இல்லை. கதிர்வீச்சு அளவும் செர்னோபிலைவிட மிகக் குறைவு. பால் விநியோகம் அந்த மார்ச்சிலேயே கட்டுப்படுத்தப்பட்டது. ஸ்கேன் இல்லாவிட்டால் பல காலம் தெரியாமலே இருந்திருக்கும் கட்டிகள் இவை என்பது ஐ.நா. குழுவின் முடிவு, மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் விலை உண்டு. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை விழுங்க வேண்டும். குரல் நரம்புக்கும் கால்சியம் சமநிலைக்கும் ஆபத்துண்டு. அணு விபத்துக்குப்பின் மக்கள்தொகை முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம் என 2018இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது. ஃபுகுஷிமாவில் 20 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் என வகுத்த அட்டவணைப்படி சோதனை நடந்துவந்துள்ளது. கலந்துகொள்வது அவரவர் விருப்பம்.